கந்தசாமியின் அரசாங்க உத்தியோகம்

வசந்தாமணி வேலை பார்க்கும் அலுவலகம் எது என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அவளுக்கும் வம்பு, எனக்கும் வம்பு. ஓய்வுபெற்ற பொது ஊழியர்களுக்கு மாதாமாதம் பென்ஷன் அனுப்பும் ஓர் அமெரிக்க அலுவலகம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வோம். சாலை போட்டவர்கள், பள்ளிப் பேருந்து ஓட்டியவர்கள், நூலகத்தில் புத்தகம் அடுக்கியவர்கள் என்று ஏகப்பட்ட பேருடைய பிழைப்பு அங்கே ஒரு பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்தது. சும்மா பழசு இல்லை. வசந்தாமணி கோபிசெட்டிபாளையத்தில் பாவாடை கட்டிப் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே யாரோ எழுதிவைத்துவிட்டுப் போன புரோகிராம்கள். கறுப்புத் திரையில் பச்சை எழுத்து. மவுஸைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. மெயின்ஃப்ரேம் என்று பெயர்.

இதைத் தூக்கிவிட்டுப் புதிது வைக்கப்போகிறோம் என்று அவள் அங்கே சேர்ந்த வருஷமே சொன்னார்கள். எப்போது கேட்டாலும் அடுத்த ஜூலை. ஜூலை வரும், கூடவே ஒரு கமிட்டி வரும். கோட்டு போட்ட கன்சல்டன்ட்டுகள் பீட்சா தின்றுகொண்டே திரையில் படம் காட்டுவார்கள். கடைசியில் அடுத்த ஜூலை என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்கள். நடுவில் தேர்தல் வந்து மேலே இருப்பவர்கள் மாறினால் எல்லாம் முதலிலிருந்து. நம் ஊர் அரசாங்கத்தைத்தான் நாம் வாய்க்கு வந்தபடி திட்டுகிறோம். இங்கேயும் அதே கதைதான், ஏசி மட்டும் ஒழுங்காக ஓடும்.

அந்தத் தாமதம் வசந்தாமணிக்குப் பிடித்திருந்தது. வெளியே சொல்லமாட்டாள். அவள் நிரந்தர ஊழியர் இல்லை, கான்ட்ராக்ட். பழைய மெஷின் இருக்கும்வரை அவளும் இருப்பாள். காலையில் எழுந்து, ரூட் ஒன் நெரிசலில் காரை ஓட்டி, கழுத்திலிருக்கும் அட்டையைத் தேய்த்து உள்ளே போனால், "மார்னிங், வசந்தா" என்று சொல்ல டெனிஸ் இருப்பாள். டெனிஸ் அவளுடைய மேலாளர், வெள்ளைக்காரப் பெண்மணி, நல்ல மனசு. அந்த ஒரு மார்னிங்தான். ஒரு நாள் அவள் வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்க உலகத்தில் வேறு ஆள் கிடையாது.

மகன் முகுந்த் நாட்டின் மறுகோடியில், சான்டா கிளாராவில் சிப் செய்யும் கம்பெனியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கூப்பிடுவான். நல்ல பையன். இவள் தமிழில் கேட்பதற்கெல்லாம் அவன் இங்கிலீஷில் பதில் சொல்லுவான். "சாப்ட்டியா கண்ணு?" "யா மா, ஐ ஏட்." அதற்கு மேல் அந்தப் பேச்சை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று இரண்டு பேருக்கும் தெரியாது. பிறகு அவனுக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

அவள் கணவர் கந்தசாமி பொதுப்பணித்துறையில் இளநிலைப் பொறியாளராக இருந்தவர். வாய்க்கால், மதகு, பாசனம் என்று பைக்கில் சுற்றுவார். விவசாயிகள் வழியில் நிறுத்தி வணக்கம் வைப்பார்கள். சாகிறவரை பென்ஷன் வரும் உத்தியோகம். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகத்துக் கம்ப்யூட்டரெல்லாம் நின்றுபோகும் என்று எல்லோரும் அலறிய நேரத்தில், கோவையில் ஒரு மில்லில் கோபோல் என்ற பழைய கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த வசந்தாமணிக்கு அமெரிக்காவில் வேலை வந்தது. கந்தசாமி ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு, சின்னக் குழந்தையான முகுந்தைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். "கவர்மென்ட்டு உத்தியோகத்த உட்டுப்போட்டுப் பொண்டாட்டி பொறவால போறானே" என்று ஊரே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

மனைவியின் விசாவைப் பிடித்துக்கொண்டு வருகிறவர் இங்கே வேலை பார்க்கக் கூடாது. அன்றைக்கு அதுதான் சட்டம். கிரீன் கார்டு வந்தால் பார்க்கலாம் என்று வரிசையில் நின்றார்கள். வரிசை நகரவில்லை. கந்தசாமி சமைத்தார், பையனைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவந்தார், சாயங்காலம் அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால் ஓடும் மழைநீர்க் கால்வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். "வாட்டம் தப்பா வெச்சிருக்கான் வசந்தா. பெரிய மழை பேஞ்சா பார்க்கிங்ல தண்ணி நிக்கும் பாரு" என்பார். பெய்தது, நின்றது. அவரை யார் கேட்டார்கள்? முகுந்த் மிடில் ஸ்கூல் படிக்கும்போது ஒரு மத்தியானம் மாரடைப்பில் போய்விட்டார். சில வருஷம் கழித்து கிரீன் கார்டு வந்தது, அம்மாவுக்கும் மகனுக்கும்.

தன்னால்தான் அவர் வாழ்க்கை இப்படி ஆனது என்று வசந்தாமணி நினைத்தாள். யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்படியெல்லாம் இல்லை என்று ஆறுதல் சொல்லுவார்கள், அந்த ஆறுதல் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

அதன் பிறகுதான் இந்தப் பென்ஷன் அலுவலகத்தில் சேர்ந்தாள். ஒரு புரோகிராமை மாற்றி எழுதினால் அது ஒழுங்காகக் கணக்குப் போடுகிறதா என்று முதலில் ஒத்திகை பார்க்க வேண்டும். அதற்கென்று மெஷினுக்குள் தனியாக ஓர் இடம் உண்டு. டெஸ்ட் ரீஜன் என்பார்கள். அங்கே நிஜ மனிதர்களின் விவரத்தை வைக்கவே கூடாது, இருப்பவர்களானாலும் செத்தவர்களானாலும். மீறினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வருஷா வருஷம் பாடம் நடத்திக் கையெழுத்தும் வாங்குவார்கள். அதனால் ஒத்திகைக்குப் பொய் ஆட்களை உண்டாக்க வேண்டும். அமெரிக்கர்கள் ஜான் டெஸ்ட், மேரி டெஸ்ட் என்று போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். நம் ஆட்களுக்கு அது வராது. பெயர் என்று கேட்டால் சொந்தக்காரர்கள்தான் விரலுக்கு வருவார்கள். வசந்தாமணி தன் அண்ணன் மாரிசாமியைப் பேருந்து ஓட்டுநராக்கினாள், அண்ணி சாந்தாமணியை நூலகத்தில் வைத்தாள். பெயர்தான் அவர்களுடையது, மற்றதெல்லாம் கற்பனை. அதுவரை தப்பில்லை.

ஒரு நாள் கந்தசாமி என்று அடித்தாள்.

அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து "ஏனுங்க"தான். அமெரிக்காவுக்கு வந்த பிறகும் நாக்கு அந்தப் பக்கம் புரளவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் எழுதிக் காட்டுவாள், விருந்துகளில் மை ஹஸ்பண்ட் என்று முடித்துக்கொள்வாள். "கம்ப்யூட்டர் படிச்சவ, புருஷன் பேரச் சொல்ல வாய் வராதா?" என்று அவர் கேலி செய்வார். வராது. விரல்களுக்கு மட்டும் அந்தக் கூச்சம் இருக்கவில்லை.

பெயரோடு நிறுத்தியிருக்கலாம். பிறந்த தேதி கேட்டது, அவருடைய நிஜத் தேதியையே கொடுத்தாள். முகவரி கேட்டது, தங்கள் அபார்ட்மென்ட்டைக் கொடுத்தாள். போன் நம்பர் கேட்டது, தன்னுடையதைக் கொடுத்தாள். உத்தியோகம்? வடிகால் பிரிவில் பொறியாளர். புதுச் சம்பள விதி வந்தபோது அவருக்குச் சம்பள உயர்வு போட்டுப் பார்த்தாள். பதவி உயர்வு விதி மாறியபோது மேற்பார்வைப் பொறியாளர் ஆக்கினாள். உயிரோடு இருந்திருந்தால் எந்த வருஷம் ஓய்வுபெற்றிருப்பாரோ அதே வருஷம் ஓய்வு கொடுத்து, பென்ஷன் கணக்கு சரியாக வருகிறதா என்று சோதித்தாள். சரியாக வந்தது. அன்றைக்கு வீட்டிலிருந்து கேசரி செய்து எடுத்துப்போய் டெனிஸுக்குக் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று டெனிஸ் கேட்டாள். சும்மாதான் என்றாள் வசந்தாமணி.

அதற்குள் இன்னொரு தப்பையும் செய்திருந்தாள். ஒத்திகை ஆட்களின் எண்ணெல்லாம் ஒன்பதில் ஆரம்பிக்கும். ஒவ்வொரு ஜூலையிலும் ஒன்பதுகளை மொத்தமாகத் துடைத்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்பார்கள். வருஷா வருஷம் அவரைச் சாகக் கொடுக்க அவளால் முடியவில்லை. நிஜ ஆட்களுக்கு வைத்திருந்த வரிசையில் காலியாகக் கிடந்த ஓர் எண்ணை எடுத்து அவருக்கு வைத்துவிட்டாள். ஒத்திகை இடத்துக்குள்தானே இருக்கப்போகிறார், யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தாள்.

இந்த வருஷம், யாரும் எதிர்பார்க்காமல், புதியது நிஜமாகவே வந்துவிட்டது. பழைய மெஷினில் இருந்ததையெல்லாம் அள்ளிப் புதியதில் கொட்டுகிற வேலை ஒரு கம்பெனிக்குக் கிடைத்தது. அவர்கள் அவசரத்தில் டெஸ்ட் ரீஜனையும் சேர்த்து அள்ளிவிட்டார்கள். பிறகு விஷயம் தெரிந்து ஒன்பதில் ஆரம்பிப்பவர்களை எல்லாம் களைந்து எறிந்தார்கள். மாரிசாமி போனார், சாந்தாமணி போனார், ஜான் டெஸ்ட்டும் மேரி டெஸ்ட்டும் போனார்கள். கந்தசாமி ஓய்வுபெற்ற மேற்பார்வைப் பொறியாளராகப் புது சிஸ்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டார். வசந்தாமணிக்கு இது தெரியாது. பழையதோடு அவரும் போய்விட்டார் என்று நினைத்து, மெஷினை நிறுத்திய அன்று கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்தாள். பழைய மெஷின் போனாலும் புதியதைப் பார்த்துக்கொள்ள அவளை வைத்துக்கொள்வதாக டெனிஸ் சொல்லியிருந்தாள். அந்தப் புதுக் கான்ட்ராக்ட் இன்னும் கையெழுத்தாகவில்லை.

ஒரு சனிக்கிழமை எடிசன் ஊரில், ஓக் ட்ரீ ரோட்டில் இருக்கும் இந்தியக் கடையில், முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஒரு பெண் குரல். பென்ஷன் அலுவலகத்தின் அழைப்பு மையத்திலிருந்து பேசுவதாகச் சொன்னது. எங்கள் சிஸ்டம் மாறியிருக்கிறது, அடுத்த மாதத்திலிருந்து பென்ஷன் புதியதிலிருந்து வரும், அதற்கு முன்னால் எல்லோரும் நலமாக இருக்கிறார்களா என்று கேட்டுக்கொள்கிறோம் என்றது. பிறகு, "மிஸ்டர் கந்தசாமியிடம் பேசலாமா?" என்றது. எழுத்துக்கூட்டி, தப்பும் தவறுமாக, ஆனாலும் அவர் பெயர்தான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ வருஷமாக அவரை யாரும் கேட்டதில்லை. ஊரிலிருந்து பேசுகிறவர்கள்கூட அந்தப் பேச்சை விட்டுவிட்டார்கள். முகுந்த் அப்பா பேச்சையே எடுக்கமாட்டான். இப்போது முன்பின் தெரியாத ஒருத்தி, அவர் பேசலாமா என்று கேட்கிறாள்.

"அவர் வெளியே போயிருக்கிறார்" என்றாள் வசந்தாமணி.

"நன்றாக இருக்கிறாரா?"

"நன்றாக இருக்கிறார்."

"நீங்கள்?"

"அவருடைய மனைவி."

போனை வைத்த பிறகும் முருங்கைக்காயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஒருவர் எக்ஸ்கியூஸ் மீ சொல்லிப் பார்த்துவிட்டுச் சுற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு முழுக்க அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கங்கெட்ட சந்தோஷம் என்று அவளே நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் முகுந்தோடு பேசி முடித்த பிறகுதான் என்ன காரியம் செய்திருக்கிறோம் என்று அவளுக்கு உறைத்தது.

திங்கட்கிழமை எழிலரசி அவள் மேஜைக்கே வந்தாள். எழிலரசி அந்தக் கம்பெனியிலிருந்து வந்திருக்கும் சென்னைப் பெண், அள்ளிக் கொட்டிய விவரம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பவள். லேப்டாப்பைத் திருப்பி வைத்தாள்.

"ஆன்ட்டி, இந்த ஒரு ரெக்கார்ட் பாருங்க. பென்ஷனர்னு இருக்கு, ஆனா எங்கயும் வேலை பார்த்த ஹிஸ்டரியே இல்ல. கிரியேட் பண்ணது உங்க ஐடி. அட்ரஸ் உங்க அட்ரஸ். இதுல கால் சென்டர்காரங்க வேற, ஒய்ஃப் பேசினாங்க, ஆளு உயிரோட இருக்கார்னு நோட் போட்டு வெச்சிருக்காங்க. நாளைக்கு ஆடிட்டரோட போன் மீட்டிங்ல இது வருது."

வசந்தாமணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். புது சிஸ்டத்தில் அவர் பெயர் நல்ல பெரிய எழுத்தில், அழகாக இருந்தது.

"அங்கிள் பேரா ஆன்ட்டி?" என்று எழிலரசி மெதுவாகக் கேட்டாள். பிறகு அவளே சொன்னாள். "நான் கேக்கவே இல்லைன்னு வெச்சுக்கோங்க. உண்மையான ஆளு, செத்துட்டாருன்னு சொன்னீங்கன்னா ரியல் டேட்டா யூஸ் பண்ணதுக்கு உங்கள அனுப்பிடுவாங்க. உயிரோட இருக்கார்னு போச்சுன்னா ஃப்ராடு. டம்மி, இப்படி ஒரு ஆளே கிடையாதுன்னு சொல்லிடுங்க. இன்னும் பேமென்ட் எதுவும் போகல. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

"சரி கண்ணு" என்றாள் வசந்தாமணி.

எழிலரசி சொன்னதில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கு முழுக்க யோசித்தும் வசந்தாமணிக்கு வேறு வழி தென்படவில்லை. உண்மையைச் சொன்னால் புதுக் கான்ட்ராக்ட் போகும். போனால், முகுந்த் என்னோடு வந்து இரு என்று கூப்பிடுவான், அவன் கூப்பிடும் குரலிலேயே அது எவ்வளவு சிரமம் என்று தெரியும். இல்லையென்றால் அபார்ட்மென்ட்டில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க வேண்டும். பொய் சொன்னால் எல்லாம் அப்படியே இருக்கும், காலையில் டெனிஸ் மார்னிங் சொல்வாள். அலுவலகத்தில் ஒருவருக்கும் அவள் கணவர் பெயர் தெரியாது. அவள் சொன்னால்தானே தெரியும்! ஒரு வாழ்நாள் முழுக்க மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தது இன்றைக்கு இதற்கு வசதியாக அமைந்ததை நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

மறுநாள் மத்தியானம் டெனிஸின் அறையில் கூட்டம். டெனிஸ், எழிலரசி, வசந்தாமணி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஆடிட்டர் வேறு ஊரிலிருந்து வெறும் குரலாக வந்தார். உரையாடல் பதிவாகிறது என்று முதலில் ஓர் அறிவிப்பு வந்தது. வேறு ஏதேதோ குழப்பங்களைப் பேசி முடித்துக் கடைசியாக இதற்கு வந்தார்கள்.

"இது நான் ஒத்திகைக்காக உண்டாக்கிய ரெக்கார்ட்" என்றாள் வசந்தாமணி. "எண்ணைத் தப்பாகக் கொடுத்துவிட்டேன்."

"முகவரியும் போன் நம்பரும் உங்களுடையவை."

"கைக்கு வந்ததைப் போட்டேன்."

"போனில் கேட்டபோது அவர் வெளியே போயிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்களே?"

"திடீரென்று கேட்டார்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை." அன்றைக்கு அவள் சொன்னதில் அது ஒன்றுதான் முழு உண்மை.

ஆடிட்டர் கோபக்காரர் இல்லை. அலுத்துப்போன குரல், வீட்டுக்குப் போனால் போதும் என்ற அவசரம். "சரி. பதிவுக்காக ஒரு முறை சொல்லிவிடுங்கள். ரெக்கார்டில் இருக்கும் பெயரைச் சொல்லி, அப்படி ஒருவர் இருக்கிறாரா, எப்போதாவது இருந்தாரா என்று சொல்லுங்கள்."

"இந்த ரெக்கார்டில் இருப்பவர்..." என்று ஆரம்பித்தாள்.

"பெயர் வேண்டும்."

டெனிஸ் அவளைப் பார்த்துத் தலையசைத்தாள். எழிலரசி மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வசந்தாமணி தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தாள், மூடினாள்.

"கந்தசாமி" என்றாள். பெயர் சரியாகத்தான் வந்தது. இவ்வளவு சுலபமா என்று இருந்தது. "அப்படி ஒருவர் இல்லை. எப்போதும் இருந்ததில்லை."

"நன்றி. நீக்கிவிடலாம்" என்றார் ஆடிட்டர்.

எழிலரசி நீக்கினாள். சுவரில் இருந்த பெரிய திரையில் அந்த வரி போய், கீழே இருந்த வரி மேலே ஏறிக்கொண்டது. டெனிஸுக்கு நிம்மதி. கான்ட்ராக்ட் காகிதம் வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்றாள். பிறகு சிரித்துக்கொண்டே, "உன் பொய் மனிதருக்கு நல்ல வாழ்க்கையாகத்தான் கொடுத்திருக்கிறாய் வசந்தா. எவ்வளவு பதவி உயர்வு!" என்றாள். வசந்தாமணியும் சிரித்தாள். எழிலரசி மட்டும் சிரிக்காமல் லேப்டாப்பை மூடிக்கொண்டு எழுந்து போனாள்.

வேலை முடிந்து பார்க்கிங்குக்கு வந்து காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். பக்கத்துக் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போயின. முகுந்தைக் கூப்பிடலாமா என்று போனை எடுத்தாள். அவனிடம் எந்த மொழியில், எங்கிருந்து ஆரம்பிப்பது? உங்க அப்பா இருந்ததே இல்லைன்னு சொல்லிட்டு வந்திருக்கேன் கண்ணு என்றா? போனைப் பக்கத்து சீட்டில் வைத்தாள். அங்கேதான் அவர் உட்கார்ந்து வருவார், ஒவ்வொரு பாலத்தைத் தாண்டும்போதும் அதைக் கட்டினவனைத் திட்டிக்கொண்டே.

"இருந்தாருங்க" என்று சத்தமாகச் சொன்னாள்.

கேட்க யாரும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம், இன்னும் சத்தமாக, பெயரோடு சேர்த்துச் சொன்னாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். இன்னும் தாமதித்தால் ரூட் ஒன்னில் நகரவே முடியாது.